பூமியை எடைக்கல்லாக வைத்த கருவி

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து, பி.எஸ்ஸி. இயற்பியல் முதலாண்டு படிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மின்னியல், காந்தவியல் தாளுக்கான செய்முறை வகுப்பில் டேன்ஜன்ட் கால்வனாமீட்டரை வைத்து மின்னோட்டத்தை அளக்கச் சொல்கிறார்களாம். அதே மேசையில் டிஜிட்டல் மல்டிமீட்டர் இருக்கும்போது, ஊசி ஆடி அடங்கும்வரை காத்திருக்க வைக்கும் இந்தப் பழைய பெட்டி எதற்கு என்று கேட்கிறார்.

காஸ் விதி, ஆம்பியர் விதி, எல்.சி.ஆர். சுற்று, கடைசியில் அலைகள் என்று வேகமாக ஓடும் அந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பெட்டிதான். அதுவும் அவர் இருக்கும் மாவட்டத்தில் இதைச் செய்து பார்ப்பது தனிப் பேறு. காரணம் சொல்கிறேன்.

மின்னோட்டம் பாயும் கம்பியருகே காந்த ஊசி திரும்புவதை டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் 1820இல் கண்டார். அந்தத் திரும்பலை அளவாக மாற்றி, 1837இல் இந்தக் கருவியை விவரித்தவர் பிரான்சின் பூயே. நிமிர்ந்து நிற்கும் வட்டச் சுருள், அதன் நடுவில் ஒரு சிறிய காந்த ஊசி. வேறு எதுவும் இல்லை. சுருளை ஊசியோடு இணையாகத் திருப்பி வைத்துவிட்டால், பூமியின் புலம் ஊசியை வடக்கே இழுக்கும். சுருளின் புலம் அதற்குச் செங்குத்தாக இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஊசி எங்கே நிற்கிறதோ, அந்தக் கோணத்தின் டேன்ஜன்ட்தான் இரு புலங்களின் விகிதம்.

என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். ஒரு தட்டில் பருப்பு, மறு தட்டில் எடைக்கல். எடைக்கற்களை முத்திரை போடக் கொண்டுபோகும் நாளில் கடையே பரபரப்பாக இருக்கும். கல் சரியில்லை என்றால் தராசு எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. டேன்ஜன்ட் கால்வனாமீட்டரும் தராசுதான். ஒரு தட்டில் மின்னோட்டம், மறு தட்டில் பூமி. இந்த எடைக்கல்லுக்கு மட்டும் முத்திரை கிடையாது. ஊருக்கு ஊர் அதன் எடை மாறும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 செ.மீ. ஆரம், 5 சுற்று கொண்ட சுருளில் 1 ஆம்பியர் செலுத்தினால் மையத்தில் ஏறக்குறைய 39 மைக்ரோடெஸ்லா புலம் உண்டாகும். சென்னையில் பூமிப் புலத்தின் கிடைத்தளக் கூறு சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஆக, ஊசி கிட்டத்தட்ட 45 பாகையில் நிற்கும். அதே சுருள், அதே 1 ஆம்பியர், லண்டனில் என்றால் ஊசி 63 பாகையைத் தாண்டிவிடும். அங்கே கிடைத்தளக் கூறு இங்கிருப்பதில் பாதிதான். மின்னோட்டமானி விற்பவருக்கு இது பெரிய தலைவலி. 1880களில் சொந்தமாக வலுவான காந்தம் வைத்த இயங்குசுருள் கருவியை தார்சன்வால் உருவாக்கினார். அந்த வகை வந்த பிறகு பூமியை நம்பவேண்டிய தேவை போயிற்று. ஆனால் தெரிந்த மின்னோட்டத்தைச் செலுத்தினால், தராசை அப்படியே திருப்பிப் போட்டு எடைக்கல்லையே நிறுத்துப் பார்க்கலாம். மல்டிமீட்டர் 1 ஆம்பியர் என்று சொல்லட்டும். நிற்கும் இடத்தில் பூமி எவ்வளவு என்பதை ஊசி சொல்லும். வாசகியின் மேசையில் இரண்டும் சேர்ந்திருப்பது அதனால் நல்லதுதான்.

இப்போது திருநெல்வேலிக்கு வருவோம். பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகச் செல்லும் கோட்டைக் காந்த நடுக்கோடு என்கிறோம். இந்தியாவில் அது தென்கோடி வழியாகப் போகிறது. லண்டனில் தடையின்றித் தொங்கவிட்ட காந்த ஊசி 66 பாகை தலைகுனியும். சென்னையில் 14 பாகை அளவுக்கு. நெல்லையில் அநேகமாகப் படுத்தே கிடக்கும். அதாவது பூமியின் முழுப் புலமும் அங்கே கிடைத்தளத்திலேயே கிடைக்கிறது.

இதைத் தேடி வந்தவர்கள் உண்டு. சென்னை வானாய்வகத்தின் டெய்லரும் திருவனந்தபுரம் வானாய்வகத்தின் கால்டிகாட்டும் 1837இல் தென்னிந்தியாவில் ஊர் ஊராகக் காந்தச் சரிவை அளந்தார்கள். பின்னர் திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த ஜான் ஆலன் பிரவுன், உயரத்தில் காந்த மாற்றம் எப்படி இருக்கிறது என்று பார்க்க 1850களில் அகத்தியமலை உச்சியிலேயே ஓர் ஆய்வகம் கட்டினார். அட்டையும் மழையும் காற்றும் நிறைந்த அந்தச் சிகரத்துக்குக் கருவிகளைச் சுமந்து ஏறியவர்களை நினைத்தால் இன்றும் எனக்குப் பிரமிப்பு.

வானத்தில் இன்னொன்று நடக்கிறது. பகலில் 100 கி.மீ. உயரத்துக் காற்றைச் சூரியன் அயனியாக்குகிறது. அங்கே கிழக்கு நோக்கி ஒரு மெல்லிய மின்புலம் இருக்கிறது. காந்தப்புலம் படுத்துக் கிடக்கும் இந்தக் கோட்டில் மட்டும், மின்னூட்டங்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து தேங்குகின்றன. அந்தத் தேக்கத்தால் எழும் செங்குத்துப் புலம் கிழக்கு நோக்கிய மின்னோட்டத்தைப் பல மடங்காக்கிவிடுகிறது. வகுப்பில் ஒரு சிறு தகட்டில் படிக்கும் ஹால் விளைவுதான், இங்கே சில நூறு கி.மீ. அகலத்தில் நடக்கிறது. வலக்கைப் பெருவிரலைக் கிழக்கே நீட்டிப் பாருங்கள்: அந்த ஓட்டத்துக்குக் கீழே, நாம் நிற்கும் தரையில், அதன் புலம் வடக்கு நோக்கி இருக்கும். எனவே நண்பகலில் பூமியின் புலம் சற்றே கூடுகிறது. அந்த ஏற்றம் 100 நானோடெஸ்லா என்றாலும் கால்வனாமீட்டரின் ஊசி பத்தில் ஒரு பாகைகூட அசையாது. நுட்பமான காந்தமானிகள் வேண்டும். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் நெல்லை அருகே கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருப்பதும், 1963இல் நம் மண்ணிலிருந்து ஏவப்பட்ட முதல் ராக்கெட் தும்பாவிலிருந்து கிளம்பியதும் இந்தக் கோட்டை ஒட்டி இருப்பதால்தான். ரேடியோ அலைகள் மேலே போய்த் திரும்பி வருவதைக் கொண்டே அந்த அயனி அடுக்கை அறிகிறோம் என்பதால், பாடத்தின் கடைசிப் பகுதியான அலைகளும் இங்கே வந்து சேர்ந்துவிடுகின்றன.

இத்தனை இருக்கும் இடத்தில் பரிசோதனை எப்படி நடக்கிறது? நான் போய்ப் பார்த்த பல கல்லூரிகளில் ஒரு கருவிக்கு ஐந்தாறு பேர். இரும்பு மேசை. பக்கத்திலேயே ரியோஸ்டாட், அதற்குப் பக்கத்தில் செல்போன். சட்டக்காந்தங்களைத் தேனிரும்புத் துண்டு இல்லாமல் பீரோவில் குவித்துவைத்து வலுவிழக்கச் செய்கிறார்கள். கடைசியில் போன வருட ரெக்கார்டைப் பார்த்து, விடையிலிருந்து ரீடிங்கைப் பின்னோக்கி எழுதிக்கொள்கிறார்கள். விடை தெரிந்த பிறகு ஊசியைப் பார்ப்பவர் யார்? 45 பாகையில் ஒரு பாகை தவறாகப் படித்தால் விடையில் மூன்றரை சதவீதம் பிசகும். 80 பாகையில் அதே ஒரு பாகை பத்து சதவீதப் பிசகு. முப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் வை என்று ஆசிரியர் சொல்வதற்குப் பின்னால் இது இருக்கிறது. இதைச் சொல்லிக் கொடுக்காமல் மதிப்பெண் மட்டும் போடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

வாசகிக்கு ஒரு வேலை தருகிறேன். அநேக ஸ்மார்ட்போன்களில் மூன்று அச்சுக் காந்தமானி உண்டு. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் செயலியை இலவசமாக இறக்கி, மைக்ரோடெஸ்லாவில் அளவைப் பார்க்கலாம். முதலில் மர மேசையில் கால்வனாமீட்டரால் கிடைத்தளக் கூறைக் கண்டுபிடியுங்கள். பிறகு அதை அகற்றிவிட்டு, அதே இடத்தில் போனைத் திரை மேலே இருக்கும்படி வைத்து, திரைக்குச் செங்குத்தான அச்சின் அளவைக் குறியோடு எழுதிக்கொள்ளுங்கள். போனைக் கவிழ்த்து மறுபடி எழுதுங்கள். பூமியின் பங்கு குறி மாறும். போனுக்குள் இருக்கும் பிழை மாறாது. ஆகவே இரண்டின் வித்தியாசத்தில் பாதிதான் உண்மையான செங்குத்துக் கூறு. சென்னையில் ஒரு தோழி இதைச் செய்தால் 10 மைக்ரோடெஸ்லா அளவில் வரும். உங்களுக்கு ஒன்றிரண்டுக்கு மேல் வந்தால், மேசைக்கடியில் இரும்பு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.