காற்றாலைகளின் பழுதைக் கண்டறிதல்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. அக்காற்றைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கும் பணி, நமது மாநிலத்தில் 1986ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தொடங்கிற்று. இன்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு ஆகிய கணவாய்களின் காற்று வீசும் பகுதிகளில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றின் அடியிலேயே உழவர்கள் பயிர் செய்கின்றனர், ஆடுமாடுகள் மேய்கின்றன. ஆகவே, காற்றாலையின் பழுதைக் காலத்தே கண்டறிதல் அதற்கு உரிமையுடையோரின் கவலை மட்டுமன்று. கிராமத்தாரின் பாதுகாப்பும் அதில் அடங்கியுள்ளது.

பழுது உண்டாகும் விதம்

காற்றாலையின் இறக்கைகள் கண்ணாடி நாரையும் பிசினையும் சேர்த்துச் செய்யப்படுபவை. இரு ஓடுகளைப் பசையால் ஒட்டி அமைப்பதால் உட்புறம் பெரும்பாலும் வெற்றிடமாக இருக்கும். 50 மீட்டர் விட்டத்தில், நிமிடத்திற்கு 24 முறை சுழலும் இறக்கையின் நுனி மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. அவ்வேகத்தில் மணலும் மழைத்துளியும் வந்து மோதுவதால் இறக்கையின் முன்விளிம்பு நாளடைவில் அரிக்கப்படுகிறது. பின்விளிம்பில் ஒட்டு விட்டுப் பிளவு காண்பதும் உண்டு.

மின்னலை ஏற்று மண்ணுக்குள் செலுத்துவதற்காக இறக்கையினுள் ஓர் உலோகக் கம்பி செல்கிறது. அது அறுந்திருப்பின், மின்னல் தாக்கும்போது இறக்கை பிளந்துவிடும். நுனியில் நீர் வடிவதற்கு உள்ள சிறு துளை அடைபட்டாலும் ஆபத்தே. உள்ளே தேங்கிய நீர் மின்னலின் வெப்பத்தால் நொடியில் ஆவியாகி, அதே கேட்டை விளைவிக்கும்.

சோதனைக்கு ஏற்ற காலம்

பங்குனி, சித்திரை மாதங்களே சோதனைக்கு ஏற்றவை. அப்போது காற்று குறைவு. வானமும் பெரும்பாலும் வறண்டிருக்கும். இயந்திரத்தை நிறுத்தி, தொலைநோக்கியாலும் ட்ரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு விமானத்தாலும் இறக்கைகளைப் பார்வையிடுகின்றனர். ஐயம் எழுந்த இடத்தில், பயிற்சி பெற்றவர்கள் கயிற்றில் இறங்கித் தட்டிப் பார்க்கின்றனர். மண்பானையைத் தட்டி ஓசையால் விரிசலை அறிவது போன்றதே இதுவும். பற்சக்கரப் பெட்டியின் எண்ணெயில் உலோகத் துகள் கலந்துள்ளதா, கோபுரத்தின் போல்ட்டுகள் தளர்ந்துள்ளனவா, அடித்தளத்துக் கான்கிரீட்டில் வெடிப்பு உள்ளதா என்பனவும் ஆராயப்படுகின்றன. வைகாசிக் காற்று தொடங்கிவிட்டால் கயிற்றில் இறங்குவது அரிது. சித்திரையில் விடுபட்ட சிறு பிளவு, புரட்டாசி வரையில் பலத்த காற்றின் அடிகளைத் தாங்கிப் பெரிதாகிக்கொண்டே போகும்.

நாம் செய்ய வேண்டுவன

இடைக்காலத்தில் பழுதை முதலில் அறியக்கூடியவர் அருகில் வேலை செய்யும் உழவரே. நாள்தோறும் கேட்டுப் பழகிய ஓசையில் மாறுதல் தோன்றலாம். ஒவ்வொரு சுற்றிலும் சீழ்க்கை ஒலியோ தட்டும் ஒலியோ கேட்கலாம். கோபுரத்தில் புதிதாக எண்ணெய் வழிந்த கறையும், மூன்று இறக்கைகளுள் ஒன்று மட்டும் வேறுபட்டுத் தோன்றுவதும் பழுதின் அறிகுறிகளே. இவற்றைக் கண்டால் அருகிற் செல்லாமல், கோபுரத்தில் எழுதியுள்ள எண்ணையும் நாளையும் நேரத்தையும் குறித்துப் பராமரிப்பு அலுவலகத்திற்கு உடனே தெரிவித்தல் வேண்டும். அவ்வலுவலகத்தின் தொலைபேசி எண்ணையும் மின்வாரிய அலுவலகத்தின் எண்ணையும் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதி வைத்தல் நன்று.

இடி மின்னலின்போது காற்றாலையின் அடியில் ஒதுங்கலாகாது. அடித்தளத்தை ஒட்டி மண் எடுப்பது கோபுரத்தின் பிடிப்பைக் குலைக்கும். மண்ணில் புதைத்த செம்புக் கம்பியை வெட்டி எடுத்தால் மின்னலுக்கு வழி அடைபடும். இவ்விரண்டையும் தடுப்பதில் பஞ்சாயத்து உறுப்பினர்கள் முன்னிற்க வேண்டும்.

வரப்பில் நண்டு வளையைக் கண்ட உழவர், அது யார் வயல் வரப்பு என்று கேட்டு நிற்பதில்லை. வெள்ளம் வருமுன் அடைத்துவிடுகிறார். அதே விழிப்பு நம் தலைக்கு மேலே சுழலும் இறக்கைகளின்மீதும் இருக்குமாயின், பெரும் விபத்துகள் பலவற்றை நாம் தவிர்க்கலாம்.