கூரையில்லாக் காரை எடைபோடுவது எப்படி?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

கார் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது அதன் பளபளப்பும் விலையும்தான். அதிலும் கூரையை மடக்கிப் பின்னால் வைத்துவிட்டுக் காற்றைக் கிழித்துச் செல்லும் பந்தய வகைக் கார் என்றால் கேட்கவே வேண்டாம். 'ஆகா, என்ன அழகு!' என்று சொல்லி முடித்துவிடுவோம். ஆனால் அது நல்ல கார்தானா, அதில் ஏறியவன் வேகமாகப் போய் உயிரோடு திரும்புவானா என்று எடைபோட வேறு கண் வேண்டும். அதற்குக் காரை விலைக்கு வாங்கும் வசதி தேவையில்லை. முதலாண்டில் நாம் படித்த இயக்கவியலே பெரும்பாலும் போதும். அந்தத் துணிவில்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் 1957 முதல் 1963 வரை தயாரித்த '300 எஸ்.எல். ரோட்ஸ்டர்' என்பது அதன் பெயர். மொத்தம் 1,858 கார்களே செய்யப்பட்டன. ஒன்றின் விலை 32,500 மார்க். அதே காலத்தில் ஜெர்மானியத் தொழிலாளி கனவு கண்ட போக்ஸ்வாகன் வண்டுக் காரின் மலிவான வகை நாலாயிரம் மார்க்குக்கும் குறைவு. எட்டுக் குடும்பங்களின் காரை ஒருவர் ஓட்டினார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இக்காரின் முன்னோர் பந்தயத்தில் பிறந்தவர்கள். 1952-இல் பிரான்சின் லெமான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்திலும், மெக்சிகோவின் கரேரா பனமெரிகானாவிலும் முதலிரு இடங்களைப் பிடித்தது 300 எஸ்.எல். பந்தயக் கார். அதன் எலும்புக்கூட்டை அமைத்த பொறியாளர் ருடால்ஃப் ஊலன்ஹவுட். மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோண முக்கோணமாக இணைத்து, சுமார் 50 கிலோ எடையில் முழுச் சட்டத்தையும் முடித்துவிட்டார். முக்கோணத்தின் பக்கங்கள் நீளம் மாறாத வரையில் அதன் உருவம் மாறாது. நாற்கரம் அப்படியன்று, தள்ளினால் சாய்ந்துவிடும். இந்த எளிய வடிவியல்தான் அதில் உள்ள இரகசியம்.

இதைப் புரிந்துகொள்ள எனக்குத் தனி ஆசிரியர் தேவைப்படவில்லை. என் தந்தையார் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஆண்கள் ஓட்டும் சைக்கிளில் ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் இடையே மேலே ஒரு பார் போகிறது. லேடீஸ் சைக்கிளில் அந்தப் பார் இல்லை. சேலை கட்டியவர் ஏறி இறங்க வசதியாகத் தாழ்த்திவிட்டார்கள். ஏறுவது எளிதாயிற்று, சட்டத்தின் விறைப்போ குறைந்தது. பின்னால் இரண்டு மூட்டை வைத்துப் பள்ளத்தில் இறக்கினால் லேடீஸ் சைக்கிள் நெளிவதைக் கையிலேயே உணரலாம்.

300 எஸ்.எல். காருக்கும் நேர்ந்தது இதேதான். 1954-இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்ட கூரையுள்ள காரில், குழாய்ச் சட்டம் இரு பக்கமும் உயரமாக எழும்பி நின்றதால் சாதாரணக் கதவு வைக்க இடமில்லை. எனவே கதவுகளைக் கூரையில் கீல் வைத்துப் பறவையின் இறக்கைபோல மேல்நோக்கித் திறக்கச் செய்தார்கள். உலகமே வியந்த அந்த அழகு, வேறு வழியில்லாமல் பிறந்த அழகு! கூரையை எடுத்துவிட்டால் இறக்கைக் கதவை எதில் மாட்டுவது? ஆகவே ரோட்ஸ்டரில் பக்கச் சட்டத்தைத் தாழ்த்தி, வழக்கமான கதவு வைத்தார்கள். அங்கே இழந்த வலுவை வேறிடங்களில் கூடுதல் தாங்குகுழாய்கள் கொடுத்து ஈடுசெய்தார்கள். விளைவு, கூரை போன பிறகு காரின் எடை கூடியது. கூரையில்லாக் கார் இலேசாக இருக்கும் என்பது பலர் எண்ணம். பெரும்பாலான கார்களில் உண்மை இதற்கு நேர்மாறானது.

ஏன் என்று அறிய ஒரு செருப்புப் பெட்டி போதும். மூடியை நன்றாகக் கட்டிவிட்டு இரு முனைகளையும் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். எளிதில் முறுகாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் பெட்டி ஒத்துழைக்கிறது. மூடிய பெட்டியின் ஆறு பக்கங்களும் ஒன்றையொன்று தாங்குகின்றன. ஒன்று போனாலும் அந்தக் கட்டு தளர்ந்துவிடும். காரின் ஒரு முன்சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போது உடல் இவ்வாறுதான் முறுகுகிறது. முறுகும் உடலில் கண்ணாடிச் சட்டம் நடுங்கும், கதவு இடிக்கும். அதைவிட முக்கியம், சக்கரங்கள் சாலையைத் தொடும் கோணம் மாறிவிடும். ஸ்பிரிங் செய்ய வேண்டிய வேலையை உடலே செய்யத் தொடங்கினால் ஓட்டுநரின் கைக்கு எதுவும் சரியாகத் தெரியாது. ஆகவே கூரை மடங்கும் எந்தக் காரைப் பார்த்தாலும் முதற்கேள்வி, கூரை எவ்வளவு விரைவில் மடங்குகிறது என்பதாக இருக்கக் கூடாது. மடங்கிய பின் உடல் எவ்வளவு முறுகுகிறது என்பதே கேட்க வேண்டியது. மெர்சிடிஸ் காரில் சுமையைத் தாங்குவது குழாய்ச் சட்டமாதலால், இத்தேர்வில் அது ஓரளவு நல்ல மதிப்பெண் பெறுகிறது.

இனி எஞ்சின். ஆறு சிலிண்டர், 2,996 கன செ.மீ., 215 குதிரைத் திறன். பெட்ரோலைக் கார்புரேட்டரில் காற்றோடு கலக்காமல், பாஷ் நிறுவனத்தின் பம்பு ஒன்று நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சியது. அன்றைக்கு அது பெரும் புதுமை. குறையும் ஒன்று உண்டு. சாவியைத் திருப்பி நிறுத்திய பின்னும் எஞ்சின் சுழன்று ஓயும் வரை பம்பு பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எண்ணெயோடு கலந்துவிடும்.

பின் அச்சின் பல்சக்கர விகிதத்தைப் பொறுத்து மணிக்குச் சுமார் 220 முதல் 250 கி.மீ. வரை இக்கார் ஓடியது. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறுவதையும், அதை வெல்லத் தேவையான திறன் மும்மடிக்கேற்ப ஏறுவதையும் நாம் அறிவோம். வேகம் இரட்டித்தால் காற்றுக்கென்று எட்டு மடங்கு திறன் வேண்டும்.

ஆனால் ஓடுவதைவிட நிற்பதுதான் பெரிய காரியம். ஓட்டுநரையும் சேர்த்து 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 180 கி.மீ. என்றால் நொடிக்கு 50 மீட்டர். இயக்க ஆற்றல் பதினேழரை இலட்சம் ஜூல். இந்த ஆற்றல் எங்கும் மறைந்து போகாது. பிரேக்கில் வெப்பமாகத்தான் வெளிவர வேண்டும். குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய ஆறு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது! ஒரே நிறுத்தத்தில் இவ்வளவு என்றால், ஆல்ப்ஸ் மலைச்சாலையில் வளைவுக்கு வளைவு பிரேக் மிதித்து இறங்குபவரின் நிலை என்ன? தொடக்கத்தில் இக்காரில் இருந்தவை டிரம் பிரேக்குகள். சூடானால் டிரம் விரியும். உள்ளிருந்து அழுத்தும் கட்டையை விட்டு விலகும். மிதி ஆழமாகப் போகும், பிடி குறையும். டிஸ்க் பிரேக்கில் தகடு சூடேறித் தடித்தால், இருபுறமும் பிடிக்கும் கட்டைகளை நோக்கியே தடிக்கும். வெட்டவெளியில் சுழல்வதால் விரைவில் ஆறவும் செய்யும். 1961 மார்ச்சு முதல்தான் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் வந்தது. 250 கி.மீ. வேகத்துக்கு ஆசைகாட்டிய கார் முதல் நான்கு ஆண்டுகள் டிரம் பிரேக்கோடு விற்கப்பட்டது என்பதை என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்று பின் அச்சு. பழைய கூபேயில் பின் அச்சு நடுவில் இரண்டாகப் பிரிந்து, பறவையின் இறக்கைபோல் மேலும் கீழும் ஆடும் வகையைச் சேர்ந்தது. வளைவில் வேகமாகப் போகும்போது ஓட்டுநர் அஞ்சி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பளு முன்னே பாயும், பின்பகுதி எழும்பும். உடனே இரு பின்சக்கரங்களின் அடிப்பாகமும் உள்நோக்கி மடங்கி, டயரின் ஓரம் மட்டும் சாலையைத் தொடும். பிடி போய்ப் பின்புறம் சுழன்றுவிடும். அஞ்சியவனையே தண்டிக்கும் அமைப்பு இது! ரோட்ஸ்டரில் அச்சின் ஆடும் மையத்தைத் தாழ்த்தி ஒரே மூட்டாக்கி, கிடைநிலையில் ஒரு துணை ஸ்பிரிங்கையும் சேர்த்தார்கள். ஆட்டத்தில் சக்கரத்தின் கோணம் அவ்வளவாக மாறவில்லை. இந்த ஒரு திருத்தத்துக்காகவே ரோட்ஸ்டரைக் கூபேயைவிட மேலாக மதிப்பேன். இறக்கைக் கதவின் அழகில் மயங்கியவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

சொகுசைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கூபேயில் கண்ணாடியை இறக்க முடியாது, உள்ளே வெக்கை. ரோட்ஸ்டரில் இறக்கலாம். கித்தான் கூரை இருக்கைக்குப் பின்னே ஒரு மூடிக்கடியில் மறைந்துவிடும். 1958 முதல் கழற்றி மாட்டும் உலோகக் கூரையும் கிடைத்தது.

கூரையைத் திறந்து ஓட்டும்போது கார் உருண்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் இக்காரிடம் பதிலில்லை. தலைக்கு மேல் தாங்க வளைகம்பி கிடையாது. அதற்கு விடை 1989-இல் அதே நிறுவனத்தின் புதிய எஸ்.எல். காரில் வந்தது. கார் உருளப் போவதை உணர்கருவி கண்டதும், இருக்கைகளுக்குப் பின்னே படுத்திருக்கும் உறுதியான வளைவு 0.3 நொடியில் எழுந்து நிற்கும்.

1957-க்கும் 1963-க்கும் இடைப்பட்டவற்றில் ஒன்றை எடுத்துக்கொள் என்று யாராவது சொன்னால், நிறத்தையும் தோல் இருக்கையையும் பார்க்க மாட்டேன். முதலில் குனிந்து சக்கரத்தின் உள்ளே பார்ப்பேன்: டிரம்மா, டிஸ்க்கா?