நாய்க்கு ஒரு புதிர்

நம் தோட்டத்து லயங்களில் நாய் இல்லாத வரிசை உண்டா? வீட்டுப் பின்புறம் ஒரு கம்பம். அதில் ஒரு சங்கிலி. சங்கிலியின் முனையில் ஒரு நாய். காலையில் வேலைக்குப் புறப்படுமுன் மீந்த சோற்றைத் தட்டில் கொட்டிவிட்டுப் போகிறோம். அரை நிமிடத்தில் தட்டு காலி. பிறகு மாலை வரைக்கும் அந்த நாய்க்கு என்ன வேலை? லாரி வந்தால் குரைக்கிறது. கோழி நடந்தால் குரைக்கிறது. ஒன்றும் வராவிட்டால் மண்ணைத் தோண்டுகிறது. தன் சங்கிலியையே கடிக்கிறது. “இந்த நாய்க்கு வேறு வேலையே இல்லை” என்று நாம் திட்டுகிறோம். அந்தத் திட்டிலேயே நோயின் காரணம் அடங்கியிருக்கிறது. உண்மையாகவே அதற்கு வேறு வேலை இல்லை.

நாய்க்கு ஒரு வேலை கொடுக்க முடியுமா, அதை எப்படிக் கற்பிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. இதை நாம் தெரிந்துகொண்ட இடம் சிங்கப்பூர்.

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் நாம் அங்கே சென்றிருந்தோம். நம் தம்பி மகள், நம் தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவள், இப்போது அங்கே குடியிருக்கிறாள். வீடு லிட்டில் இந்தியாவில், தேக்கா சந்தைக்கு அருகே ஓர் அடுக்குமாடியில். கீழே இறங்கினால் சிராங்கூன் சாலை. பூமாலைக் கடைகளும் காய்கறிக் கடைகளும் கூட்டமும் இரைச்சலும். மேலே மூடிய கதவுக்குள் மணி என்கிற நாய். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய்விட்டால் மணிக்கு நான்கு சுவர்தான் துணை.

சிங்கப்பூரில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். அங்கே நாய் வளர்க்கச் சட்டதிட்டம் உண்டு. ஒரு வீட்டிற்கு ஒரே நாய். அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனமாக இருக்க வேண்டும். உரிமம் எடுக்க வேண்டும். ஊரிலே பிறந்த கலப்பின நாய்களையும் இவ்வீடுகளில் வளர்க்க 2012ஆம் ஆண்டில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். அத்திட்டத்தில் நாய் எடுப்பவர் அதற்குக் கீழ்ப்படியும் பயிற்சி அளிக்க வேண்டும். மணி அப்படி வந்த நாய்தான்.

நாம் போன சமயத்தில் அந்த வீட்டில் ஒரு கவலை. பகல் முழுதும் மணி குரைக்கிறது என்று அண்டை வீட்டார் இரண்டு முறை வந்து சொல்லியிருந்தார்கள். கதவின் அடிப்பகுதியை வேறு கடித்து வைத்திருந்தது. இப்படியே போனால் நாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் என்று தம்பி மகள் கண் கலங்கினாள்.

யாரோ சொன்னதைக் கேட்டு அவள் கடையிலிருந்து ஒரு புதிர்ப் பொம்மை வாங்கி வந்திருந்தாள். பொம்மை என்றால் உருவப் பொம்மை அல்ல. பல்லாங்குழிப் பலகை போன்ற ஒரு பலகை. அதன் குழிகளில் தின்பண்டத்தைப் போட்டு மேலே நகரும் மூடிகளால் மூடிவிடுவார்கள். நாய் மூக்காலோ காலாலோ மூடியைத் தள்ளித் தின்பண்டத்தை எடுக்க வேண்டும். சுவீடன் நாட்டைச் சேர்ந்த நீனா ஓட்டோசன் என்னும் அம்மையார் 1990களில் இத்தகைய பலகைகளை மரத்தால் செய்து பரப்பினார். இப்போது உலகெங்கும் விற்கிறார்கள்.

தம்பி மகள் எல்லாக் குழிகளையும் நிரப்பி, எல்லா மூடிகளையும் இறுக மூடி, மணியின் முன் வைத்தாள். அது முகர்ந்தது. ஒரு முறை காலால் பிறாண்டியது. பிறகு உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தது. அவள் இரக்கப்பட்டு மூடியைத் திறந்து கொடுத்தாள். மறுநாள் மணி பலகையைத் தொடவேயில்லை. வந்ததும் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தது.

“பெரியப்பா, இதுக்கு மூளையே இல்ல. காசு வீணாப் போச்சு” என்றாள்.

நமக்குச் சிரிப்பு வந்தது. “மூளை இல்லாமலா, அம்மா, உன்னை மூடி திறக்கிற ஆளாக மாற்றி வைத்திருக்கிறது?” என்றோம்.

இது வேடிக்கைப் பேச்சு அன்று. அங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர் ஆடம் மிக்லோசியும் அவர் குழுவினரும் 2003இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களுக்கும் வீட்டு நாய்களுக்கும் இறைச்சியை எடுக்கும் ஒரு வழியைப் பழக்கினார்கள். பிறகு அந்த வழி பலிக்காதபடி செய்துவிட்டார்கள். ஓநாய்கள் தாமே முட்டி மோதிக்கொண்டிருந்தன. நாய்களோ சீக்கிரத்தில் திரும்பி மனிதரின் முகத்தைப் பார்த்தன. பல்லாயிரம் ஆண்டுகளாக நம்மோடு வாழ்ந்த பிராணி, சிக்கல் வந்தால் நம்மைப் பார்க்கக் கற்றிருக்கிறது. அது முட்டாள்தனம் அல்ல, நம்பிக்கை. ஆனால் அந்தப் பார்வைக்கு நாம் ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்தால், அது பார்க்க மட்டுமே கற்கும், திறக்கக் கற்காது.

அப்படியானால் திறக்க எப்படிக் கற்கிறது? அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்ட் தார்ன்டைக் 1898இலேயே இதை ஆராய்ந்து எழுதினார். பசித்த பூனையையோ நாயையோ ஒரு மரப்பெட்டிக்குள் விட்டார். வெளியே உணவு. உள்ளே ஒரு கயிறோ தாழ்ப்பாளோ இருக்கும். அதை அசைத்தால் கதவு திறக்கும். விலங்கு முதலில் கண்டபடி பிறாண்டும், தற்செயலாகக் கயிறு இழுபடும், கதவு திறக்கும். மறுபடி மறுபடி விடும்போது வீண் பிறாண்டல் குறைந்து, திறக்கும் நேரமும் குறைந்தது. எந்தச் செயலுக்குப் பின் நல்ல பலன் வருகிறதோ, அந்தச் செயல் நிலைக்கிறது. பலன் தராதது உதிர்ந்துபோகிறது. இதுதான் அவர் கண்ட விதி.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் என்ன? நாய் முதலில் வெற்றி பெற வேண்டும். வெற்றியே காணாத நாய் முயற்சியை விட்டுவிடும். ஆகவே முதற்படி மிக எளிதாக இருக்கட்டும். தம்பி மகளோடு உட்கார்ந்து நாம் போட்ட பாடத்திட்டத்தைச் சொல்கிறோம்.

முதல் நாள், மூடியே வேண்டாம். குழிகளில் உணவைத் திறந்தபடி வையுங்கள். நாய் தின்னட்டும். ‘இந்தப் பலகையில் உணவு உண்டு’ என்பது முதல் பாடம்.

இரண்டாவது, மூடியைப் பாதி மட்டும் மூடுங்கள். உணவு கண்ணுக்குத் தெரியும். எடுக்க மூக்கால் சற்றே தள்ள வேண்டும். தள்ளியவுடன் “சபாஷ்” என்று அன்பாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது, முழுவதும் மூடுங்கள். ஆனால் ஒன்றிரண்டு குழிகளை மட்டும். கண்ணுக்குத் தெரியாததை இனி மூக்கு கண்டுபிடிக்கும். மனிதருக்கு வாசனை அறியும் நரம்பணுக்கள் ஐம்பது, அறுபது லட்சம் என்றால், நாய்க்கு 20 கோடிக்கும் மேல் என்கிறார்கள். நாய்க்கு மூக்குதான் புத்தகம்.

நான்காவது, சில குழிகளை வெறுமையாக விட்டு மூடுங்கள். எதில் உணவு என்று அது தேர்ந்தெடுக்கட்டும். இதுவும் கைவந்த பிறகே, ஒன்றை நகர்த்தி மற்றொன்றைத் தூக்குவது போன்ற இரட்டை வேலை.

ஐந்து முறையில் நான்கு முறை வென்றால் அடுத்த படிக்குப் போகலாம். இரண்டு மூன்று முறை தொடர்ந்து தோற்றால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். இது நாம் வைத்துக்கொண்ட கணக்கு. ஒரு பாடம் ஐந்து நிமிடத்திற்கு மேல் போக வேண்டாம். கடைசி முயற்சி எப்போதும் வெற்றியாக முடியட்டும்.

நாய் உங்கள் முகத்தைப் பார்த்தால் என்ன செய்வது? மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருங்கள். பெரும்பாலும் அதற்குள் அது மறுபடி முயலும். முயலாவிட்டால் மூடியைச் சற்றே அசைத்துக் காட்டுங்கள், முழுதும் திறக்காதீர்கள். அது பலகையைப் பார்த்துக் குரைத்தாலும், விளிம்பைக் கடித்தாலும், விலகிப் போனாலும், ‘பாடம் கடினம்’ என்று அர்த்தம். அப்போது கோபிக்க வேண்டியது நாயை அல்ல. பாடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

‘அடியாத மாடு படியாது’ என்பார்கள் நம் பெரியவர்கள். அடித்தால் மாடு நகரலாம், புதிர் அவிழாது. 1967இல் செலிக்மனும் மையரும் அமெரிக்காவில் நாய்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். என்ன செய்தாலும் தப்ப முடியாத மின் அதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பின்னர் தப்ப வழி இருந்தபோதும் பெரும்பாலும் முயலாமல் படுத்துவிட்டன. கொடிய சோதனைதான். ஆனாலும் அது சொல்லும் உண்மையை மறக்கக் கூடாது. தன் முயற்சிக்குப் பலனே இல்லை என்று கற்ற உயிர், முயற்சியையே விட்டுவிடுகிறது.

உழைத்துத் தின்பது விலங்குக்குத் துன்பமாகாதா என்று சிலர் கேட்கலாம். 1963இல் கிளென் ஜென்சன் என்பவர், தட்டில் உணவு சும்மா இருக்கும்போதே எலிகள் நெம்புகோலை அழுத்தியும் உணவு எடுத்ததைக் கண்டார். வேறு பல விலங்குகளிடமும் இக்குணம் காணப்பட்டது. வீட்டுப் பூனை மட்டும் பெரும்பாலும் சும்மா கிடைப்பதையே விரும்புகிறதாம்! தேடுவதும் ஓர் இன்பம். தட்டில் கொட்டிய சோறு வயிற்றை மட்டும் நிரப்புகிறது.

நேயர்களே, புதிர்ப் பொம்மைகளில் நமக்கு உறவுள்ள ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜோ மார்க்கம் என்பவர் பிரிட்ஸ் என்ற நாயை வளர்த்தார். அது கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டது. அவர் வோல்க்ஸ்வாகன் வேன் ஒன்றைப் பழுதுபார்த்தபோது அதிலிருந்து கழற்றிய ரப்பர் பாகம் ஒன்றை நாய் விரும்பிக் கடித்தது. அதைக் கண்டுதான் ‘காங்’ என்ற, நடுவில் பொந்துள்ள ரப்பர் பொம்மையை 1970களில் அவர் உருவாக்கினார். பொந்தில் உணவை அடைத்துக் கொடுத்தால் நாய் நெடுநேரம் நக்கி எடுக்கும். இயற்கை ரப்பரில் செய்வது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளிலிருந்து பெருகிய கித்தா மரம் நம் முன்னோரின் வாழ்வோடு எப்படிப் பிணைந்தது என்பதை நாம் அறிவோம். அதன் பால் நாய்க்குப் பள்ளிக்கூடமாகவும் ஆகியிருக்கிறது.

காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. ஊர் திரும்பியதும் நாம் மூன்று சிரட்டைகளைச் சுத்தம் செய்து கவிழ்த்து, ஒன்றின் கீழ் உணவை வைத்து, நம் வீட்டு நாய்க்கு அதே பாடத்தைத் தொடங்கினோம். பழைய கைலியில் உணவைத் தூவிச் சுருட்டியும் வைக்கலாம். நாய் மூக்கால் உருட்டிப் பிரிக்கும். அட்டைப் பெட்டியும் போதும். எலும்பில்லாத வேகவைத்த கோழித் துண்டு, அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பூசணித் துண்டு இவை நல்லவை. அன்றாட உணவிலிருந்தே ஒரு பங்கை எடுங்கள். கூடுதலாகக் கொடுத்தால் நாய் பருத்துவிடும்.

சில எச்சரிக்கைகள். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லெட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. ஆகவே குழம்புச் சோறு வேண்டாம். வேகவைத்த எலும்பு பிளந்து தொண்டையில் குத்தும். களைக்கொல்லி இருந்த போத்தலையோ, அமிலம் பட்ட பழைய பால் மங்கையோ எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்தாதீர்கள். விளையாட்டு முடிந்ததும் சிரட்டையை எடுத்துவிடுங்கள். கடித்து விழுங்கினால் ஆபத்து. இரண்டு நாய்கள் இருந்தால் தனித்தனி இடத்தில் பாடம் நடக்கட்டும், இல்லையேல் சண்டைதான். நாய் தின்னும்போது சிறு பிள்ளைகள் கை நீட்டக் கூடாது; பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

மணி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மூன்று வாரத்தில் அது எல்லா மூடிகளையும் திறந்ததாகத் தம்பி மகள் தொலைபேசியில் சொன்னாள். காலையில் அவள் கணவர் அதை நடக்க அழைத்துச் செல்கிறார். பிறகு பலகைப் பாடம். அதன்பின் அது களைத்துத் தூங்குகிறது. குரைப்பு அடியோடு நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. அண்டை வீட்டார் மறுபடி வந்து கதவைத் தட்டவில்லை. புதிர் மட்டும் போதாது. நடையும் வேண்டும், நம் துணையும் வேண்டும். லயத்து நாய்க்கும் அப்படியே. நாளுக்கு இருமுறையாவது சங்கிலியை அவிழ்த்துக் கயிற்றில் பிடித்து நடத்திச் செல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. மணிக்குப் பாடம் சொன்னபோது நாமும் ஒன்று கற்றோம். வகுப்பில் ஒரு பிள்ளை கணக்குத் தெரியாமல் நம் முகத்தைப் பார்க்கும். பிள்ளை தவிக்கிறதே என்று விடையை நாமே கரும்பலகையில் எழுதிவிடுவோம். இருபது ஆண்டுகளாக அதை உதவி என்று நினைத்திருந்தோம். இப்போது பத்து வரை எண்ணுகிறோம். பிறகும் திணறினால், அதைவிடச் சிறிய கணக்கு ஒன்றைக் கொடுக்கிறோம். வீட்டில் உங்கள் பிள்ளை பாடத்தோடு மல்லுக்கட்டும்போது நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். மூடியைத் தானே திறந்த பிள்ளையின் முகத்தில் வரும் ஒளியை நீங்கள் காண்பீர்கள்.