தாழ்ந்து செல்லும் நீர்

ஒக்லாந்து நகரின் தென்பகுதியில், மனுகாவ் துறைமுகக் கரையில் அமைந்த பழைய ஊர் ஒனிஹங்கா. அதற்கு வடக்கே ஓர் எரிமலைக் குன்று உயர்ந்து நிற்கின்றது. அங்கு பெய்யும் மழை, உறைந்த எரிமலைக் குழம்பின் வெடிப்புகளூடாக இறங்கி, நிலத்தடியே நகர்ந்து, கரையை அண்டிய தாழ்நிலத்தில் ஊற்றாகப் பொங்குகின்றது. இவ்வூர் மக்கள் நெடுங்காலம் குடித்தது அந்நீரையே.

இவ்வூற்றை நினைக்கையில் லாவோ சூ என்னும் சீன ஞானியின் பெயரால் வழங்கும் 'தாவோ தே ஜிங்' நினைவுக்கு வரும். 81 சிறிய அதிகாரங்கள் கொண்ட நூல் அது. 1993இல் சீனாவின் குவோதியென் என்னுமிடத்துக் கல்லறையில் கிடைத்த மூங்கிற் சுவடிகளில் அதன் பகுதிகளும் இருந்தன. அவை ஏறத்தாழ கி.மு. 300ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. நீர் எல்லா உயிர்க்கும் உதவுகிறது, எவருடனும் போட்டியிடுவதில்லை, மனிதர் இகழும் தாழ்விடத்தில் தங்குகிறது; ஆதலால் அதுவே உயர்ந்த நன்மைக்கு ஒப்பாகும் என்பது 8ஆம் அதிகாரத்தின் கருத்து.

இக்கருத்து எனக்கு எளிதில் உவப்பாகவில்லை. ஊரிலே விரிவுரையாளனாக இருந்த நான், இங்கு வந்த முதலாண்டில் இரவுதோறும் ஓர் அலுவலகக் கட்டடத்தின் தளங்களைத் துடைத்தேன். "தம்பி, அங்க என்ன வேலை செய்யிறாய்?" என்று அம்மா தொலைபேசியிற் கேட்டார். "அலுவலக வேலை, அம்மா" என்றேன். முழுப்பொய்யன்று; ஆயினும் அன்றிரவு வாளித் தண்ணீரைப் பார்க்கக் கூசியது. நாட்டை இழந்தவனுக்குப் பணிந்துபோ என்று சொல்ல ஒரு ஞானியும் வேண்டுமா எனச் சினந்தேன்.

பின்னரே 66ஆம் அதிகாரத்தைக் கருத்தூன்றிப் படித்தேன். ஆறுகள் யாவும் கடலை வந்தடைவது, கடல் அவற்றிற்குக் கீழே கிடப்பதனால். மக்களுக்குத் தலைமை தாங்க விரும்புபவனும் அவ்வாறே தாழவேண்டும் என்கிறது அது. ஆகவே, தாழ்மை அடிமைக்கு இடப்பட்ட கட்டளையன்று. ஆள்வோனுக்குக் கூறப்பட்ட அறிவுரை. தாழ்வான வேலை மனிதனைத் தாழ்த்துவதில்லை. அதனை மறைக்கும் வெட்கமே தாழ்த்துகின்றது.

எனினும் உழைப்பிற்கும் ஓர் எல்லை உண்டு. போதுமென அறிந்தவனுக்குக் கேடில்லை என்பது அந்நூலின் மற்றொரு போதனை. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் இதனை எமக்கு முன்பே கற்பித்துள்ளன. அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. சுண்ணாம்புக் கல்லினுள் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. துலாவால் இறைத்த காலத்தில் கிணறு மீண்டும் ஊற அவகாசம் இருந்தது. இயந்திரத்தால் அளவின்றி இறைத்தபோது பல கிணறுகளில் உவர் ஏறியது. பகலில் ஒரு வேலை, இரவில் இன்னொரு வேலை என ஓடும் எம்மவர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. ஊற இடங்கொடாத உள்ளத்திலும் உவர் ஏறும். வீட்டில் அது பிள்ளைகள்மீது கடுஞ்சொல்லாக வெளிப்படும்.

தாழ்தல் வாய்மூடி இருத்தலுமன்று. 1970களில் அமைந்த நெடுஞ்சாலை இவ்வூரைக் கடற்கரையினின்றும் பிரித்தது. மக்கள் பல்லாண்டுகள் சலியாது கேட்டுக்கொண்டே இருந்தனர். 2015இல் மணற்கரைகளுடன் தௌமனு பூங்கா திறக்கப்பட்டது. நெடுஞ்சாலை அவ்விடத்திலேயே இருக்கின்றது. அதன் மேலாக ஒரு நடைபாலம் மக்களைக் கடலுக்கு அழைத்துச் செல்கின்றது. கல்லைச் சுற்றி வழிகண்ட நீரைப் போன்றதே அவர்தம் பொறுமை.

இன்றும் வாரத்தில் மூன்று இரவுகள் நான் தளம் துடைக்கிறேன். சென்ற மாதம் அம்மாவிடம் உண்மையைக் கூறினேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பின்பு கேட்டார்: "அப்ப, சாப்பிட்டிட்டோ வேலைக்குப் போறனி?"