மழைக்காலத் தோட்டத்திற்கு மேட்டுப்பாத்தியும் வடிகாலும்

காரைக்கால் பகுதியில், திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்த போலகமும் அதன் சுற்றுப்புறமும் காவிரியின் கடைமடையாகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது, இங்கு நீர் வடிவது தாமதமாகும். தேங்கிய நீரை நெற்பயிர் தாங்கும். கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவை தாங்குவதில்லை. மண்ணின் இடைவெளிகளில் நீர் நிரம்பிவிட்டால் வேருக்குக் காற்று கிடைக்காது. இலை பழுத்துச் செடி வாடும். இதைக் கண்டு, நீர் போதவில்லை என்று கருதி மேலும் தண்ணீர் பாய்ச்சினால் வேர் அழுகி, செலவிட்ட பணமும் பருவமும் வீணாகும்.

முதன் முறையாகத் தோட்டம் போடுவோர், இடத்தைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. 1 அடி ஆழக் குழி வெட்டி, நீர் நிரப்பி வடிய விட வேண்டும். மீண்டும் நிரப்பி, 1 மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். 1 அங்குலத்திற்கும் குறைவாக இறங்கியிருந்தால் வடிகால் போதாது, மேட்டுப்பாத்தி அவசியம்.

பாத்தியின் அகலம் 3 அடி இருக்கலாம். இரு பக்கமும் நின்று கை எட்டும் அளவு இது. பாத்தியை மிதித்து மண்ணை இறுக்க நேராது. பாத்திகளுக்கு நடுவே ஒன்றரை அடி அகல வாய்க்கால் எடுக்க வேண்டும். வாய்க்காலை 8 அங்குலம் வெட்டி அம்மண்ணைப் பாத்தியில் போட்டால், பாத்தி சுமார் 4 அங்குலம் உயரும். ஆக, 1 அடி மேடு கிடைத்துவிடும். வாய்க்காலுக்கு 10 அடிக்கு 1 அங்குலம் வீதம் சரிவு போதும்.

வாய்க்காலின் கடைசி, வெளி வடிகாலைவிட உயரமாக இருப்பது முக்கியம். தாழ்வாக இருந்தால் வெளிநீர் தோட்டத்திற்குள் ஏறும். அத்தகைய இடத்தில் வாய்க்காலை ஆழப்படுத்தாமல், வெளியிலிருந்து நல்ல மண் கொணர்ந்து பாத்தியை உயர்த்துவதே சரி.

பாத்தியின் அடியில் ஜல்லி அல்லது செங்கல் துண்டு பரப்பினால் நீர் விரைவில் வடியும் என்று சிலர் நம்புகின்றனர். இது தவறு. மேல் மண் முழுதும் ஊறிய பின்னரே நீர் ஜல்லிக்குள் இறங்கும். வேருக்கு அருகில் ஈரம் மிகும். களிமண்ணில் சிறிதளவு மணல் கலப்பதும் பயன் தராது. கடற்கரை மணலில் உப்பு உண்டு. அதைத் தொடவே கூடாது. 3 பங்கு மண்ணுக்கு 1 பங்கு மக்கிய தொழு உரம் கலந்தால் மண் பொலபொலப்பாகி நீர் இறங்கும்.

நாற்றங்காலிலும் நீர் தேங்கினால் நாற்றழுகல் நோய் தோன்றும். விதைக்கு முன் 1 கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலப்பது பாதுகாப்பாகும்.

பாத்தி அமைக்கும் வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். மழை தொடங்கிய பின் ஈர மண்ணை வெட்டினால் கட்டியாக இறுகிவிடும். முதல் மழையன்று மண்வெட்டியுடன் தோட்டத்தைச் சுற்றி வந்து, நீர் நிற்கும் இடத்தை அன்றே திறந்துவிட்டால் செடி பிழைக்கும்.