தொப்பையாற்றின் சாட்சியம்

தருமபுரி ஜில்லா என்ற மாத்திரத்தில் வறட்சியையே நினைப்பது நம்மவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. அங்கே வெள்ள அபாயத்தைப் பற்றிப் பேசினால் கேட்போர் நகைப்பர். 2024ம் வருஷம் டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அந்த நகைப்பு அடங்கிற்று. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, வலுவிழந்து, உள்நாட்டை நோக்கி நகர்ந்தது. அப்போது ஒரே நாளில் அரூரில் 33 சென்டிமீட்டரும், 2004 வரை தருமபுரி ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரும் மழை கொட்டியது. அவ்வட்டாரத்தின் வருஷ சராசரி மழையே சுமார் 85 சென்டிமீட்டர்தான். ஆண்டு வரும்படியில் பாதிக்கு மேல் ஒரு பகலிலும் இரவிலும் வந்து விழுந்தால், ஏரியும் ஓடையும் என் செய்யும்? டிசம்பர் 2ந் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் தென்பெண்ணையில் வெளியேறியது. விழுப்புரம், கடலூர் ஜில்லாக்களில் ஆற்றங்கரையில் வாழும் ஏழை ஜனங்கள் வீடும் பயிரும் ஆடுமாடும் இழந்து நின்றனர்.

இத்தகைய ஆபத்து நேர்ந்தபின் யார்மீது குற்றம் என்று விவாதிப்பது நமது நாட்டில் எளிய காரியம். ஒரு கட்சியார் மற்றொரு கட்சியாரைச் சாடுவர். பதினைந்து நாளில் எல்லாம் மறந்துபோகும். சாட்சியத்தை விசாரியாமல் தீர்ப்புக் கூறுதல் நியாயமன்று என்பதை நீதிமன்றங்களின் வாயிலை மிதித்தவர் எவரும் அறிவர். வெள்ளத்துக்கு உரிய சாட்சி ஆறேயாகும். அதன் வாக்குமூலம் மழைமானியிலும் நீர்மட்டக் கோலிலும் நாள்தோறும் எழுதப்படுகிறது. அதனை வாசித்து, குறுக்கு விசாரணை செய்து, உண்மையை வெளிக்கொணருபவர் நீரியல் பண்டிதர். அவரைப் பற்றியே இன்று சில வார்த்தை கூற விரும்புகிறோம்.

தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே, கணவாய்ப் பாதையை ஒட்டி இருப்பது தொப்பூர். வண்டிகள் கவிழும் இடம் என்றே பலரும் அவ்வூரை அறிவர். ஆயின் மத்திய நீர் ஆணையத்தின் காவிரி வடிநிலப் பதிவேடுகளில் தொப்பூருக்கு வேறொரு கௌரவம் உண்டு. தொப்பையாற்றை அளக்கும் நிலையமாக அது இடம்பெற்றிருக்கிறது. சேர்வராயன் மலையில் பிறந்து, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பக்கம் சென்று காவிரியில் கலக்கும் சிற்றாறு அது. வருஷத்தில் பல மாதம் மணலாகவே கிடக்கும். மலையிலோ பெருமழை பெய்தால், செங்குத்தான சரிவில் நீர் சில மணி நேரத்திற்குள் கீழே வந்துவிடும். பெரிய ஆற்றின் வெள்ளம் முன்னறிவித்து வரும் விருந்தாளி. சிற்றாற்றின் வெள்ளம் சுவரேறிக் குதிக்கும் திருடன். நாளுக்கு ஒருமுறை மட்டும் அளந்தால், திருடன் வந்து போனபின் வாசலைக் காவல் காத்ததாகவே முடியும்.

நீரியல் பண்டிதரின் தொழில் யாது? பல்லாண்டு மழையையும் நீரோட்டத்தையும் தொகுத்து, எவ்வளவு மழைக்கு எவ்வளவு நீர், எத்தனை நாழிகையில், எந்தப் பாலத்தை வந்தடையும் என்று கணிப்பதே. 1884ல் ரைவ்ஸ் என்பவர் சென்னை மாகாணத்துக்கு ஒரு சூத்திரம் வகுத்தார். நிலப்பரப்பையும் வட்டாரத்துக்குரிய ஓர் எண்ணையும் கொடுத்தால், அது வெள்ளத்தின் அளவைச் சொல்லிவிடும். பெய்த மழை எவ்வளவு என்று அது கேட்பதில்லை. பதிவேடுகள் இல்லாத காலத்துக்கு அது போதுமாயிருந்தது. இக்காலத்துக்குப் போதாது.

'நூறாண்டு வெள்ளம்' என்னும் சொல்லைக் கேட்டு, ஒருமுறை வந்துவிட்டால் பேரன் காலம்வரை கவலையில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். இது பெரும் பிழை. எந்த ஆண்டிலும் நூற்றுக்கு ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம் என்பதே அதன் பொருள். முப்பது ஆண்டு குடியிருப்பவன் அதனை ஒருமுறையேனும் காண நூற்றுக்கு இருபத்தாறு பங்கு வாய்ப்பு உண்டு. இக்கணக்கும் பழைய மழை போலவே புது மழையும் பெய்யும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்பது. பூமியின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால், காற்று தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் மிகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்ததைக் கண்ட நாம், தாத்தா காலத்துக் கணக்கை நம்பி மதகு கட்டலாமா?

இச்சாஸ்திரம் நமக்குப் புதிதன்று. 1926ல் ஒரிஸ்ஸாவில் பிராமணி நதி பெருகியபோது, ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, கரைகளை உயர்த்துவதே வழி என்று இஞ்சினீயர்கள் கூறினர். கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலைப் பேராசிரியர் பிரசாந்த சந்திர மஹலநோபிஸ் சுமார் அறுபது ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்தார். படுகை உயரவில்லை, மேல்பகுதியில் பெய்த மிகுமழையே காரணம் என்று ருசுப்படுத்தினார். நீரைத் தேக்கும் அணைகளே பரிகாரம் என்றார். பின்னர் 1957ல் நிறைவேறிய மஹாநதியின் ஹிராகுட் அணைக்கு அவருடைய கணக்கு வழிகாட்டிற்று. ஒரு கலாசாலை ஆசிரியர் பழைய ஏடுகளைப் புரட்டியதன் பலன் இது!

இன்றும் அத்தகையோர் இருக்கின்றனர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர்கள் முஜும்தாரும் நாகேஷ் குமாரும் மாறும் பருவநிலையில் வெள்ளங்களைக் கணிப்பது பற்றி 2012ல் எழுதிய நூலைக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை வெளியிட்டது. 2015ல் சென்னை மூழ்கிய பிறகு, பம்பாய், சென்னை ஐ.ஐ.டி.க்கள் உள்ளிட்ட பல ஸ்தாபனங்களின் அறிஞர்கள் கூடி, தலைநகருக்கு ஒரு வெள்ள முன்னறிவிப்பு முறையை ஆக்கி, 2019ல் செயற்படுத்தினர். மிக்க மகிழ்ச்சி. ஆனால் சென்னைவாசியின் உயிருக்குள்ள மதிப்பு ஊத்தங்கரை வாசியின் உயிருக்கு இல்லையா என்று கேட்கிறோம்.

அரசாங்கத்தாருக்கு நாம் கூறுவது மூன்றே. முதலாவது, தொப்பையாறு போன்ற மலைச் சிற்றாறுகளின் தலைப்பகுதியில், மணிக்கு மணி தானே செய்தி அனுப்பும் மழைமானிகளும் நீர்மட்டக் கருவிகளும் வேண்டும். பழுதடைந்த கருவியை மறுமழைக்கு முன் சீர்செய்யும் ஆளும் வேண்டும்; அறுந்த பதிவேடு அறுந்த கயிற்றுக்குச் சமம். இரண்டாவது, பதிவுகள் பூட்டிய அலமாரியில் உறங்கலாகாது. கங்கை, பிரம்மபுத்ரா, சிந்து நதிகளின் நீரோட்ட விவரங்களுக்கு மத்திய சர்க்கார் கட்டுப்பாடு வைத்திருக்கின்றனர். காவிரி முதலிய தென்னாட்டு நதிகளின் விவரங்கள் ஆராய்ச்சியாளருக்குத் திறந்தே உள்ளன. மாகாணத்தின் ஏரி, அணைக் கணக்குகளும் அவ்வாறே திறக்கப்படுக. மூன்றாவது, அணைக் கதவைத் திறக்கத் தீர்மானிக்கும் சபையில் நீரியல் பண்டிதருக்கு ஓர் ஆசனம் வேண்டும். வெள்ளம் வடிந்தபின் அறிக்கை எழுத மட்டும் அவரை அழைப்பது வீண்.

நமது யுவர்களுக்கும் யுவதிகளுக்கும் ஒரு வார்த்தை. இஞ்சினீயரிங் பட்டம் பெற்று, மேற்படிப்பும் முடித்து, டாக்டர் பட்டத்துக்காக மேலும் நான்கைந்து ஆண்டு ஆற்றோடும் எண்களோடும் போராடுவது சுகமான வாழ்வன்று. அதே காலத்தில் நண்பர்கள் இரட்டிப்புச் சம்பளம் பெறுவர். எனினும் கிண்டியிலும் பெங்களூரிலும் ரூர்க்கியிலும் இக்கல்விக்கு வாயில் திறந்திருக்கிறது. தருமபுரியின் வறண்ட கிராமங்களில் பிறந்தோர்க்கு ஒரு துளி நீரின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதன் கோபத்தையும் அவர்கள் கற்கட்டும். தொப்பையாற்றின் கணக்கைத் தொப்பூர்ப் பிள்ளை ஒருவன் உலகத்துக்கு எடுத்துரைத்து, அவன் கணித்த ஒரு நாழிகை முன்னறிவிப்பால் ஒரு தாய் குழந்தையுடன் மேட்டுக்கு ஏறித் தப்புவாளாயின், அதனினும் மேலான தேச சேவை யாதென நாம் அறியோம்.