வீட்டுப் பல்தட ஒலிப்பதிவி

வீட்டுப் பல்தட ஒலிப்பதிவி என்பது, பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தின் துணையின்றி ஓர் இசைக்குழு தன் பாடல்களைத் தானே பதிந்துகொள்ள உதவும் விலை குறைந்த கருவி ஆகும். ஒவ்வொரு குரலும் இசைக்கருவியும் தனித்தனித் தடத்தில் பதியப்பட்டு, பின்னர் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. டெமோ எனப்படும் மாதிரிப் பதிவுகளை உருவாக்குவதே இதன் முதன்மையான பயன்பாடு.

வரலாறு

1957 இல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் கிதார் கலைஞர் லெஸ் பாலுக்கு எட்டுத்தட நாடாப் பதிவி ஒன்றை வழங்கியது. அதன் விலை 10,000 டாலர். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல்தடப் பதிவு பெரும்பாலும் கூடங்களின் உடைமையாகவே இருந்தது. 1979 இல் ஜப்பானின் டியாக் நிறுவனம் வெளியிட்ட போர்ட்டாஸ்டூடியோ 144 இந்நிலையை மாற்றியது. நான்குதடப் பதிவியும் ஒலிக்கலவைக் கருவியும் ஒரே பெட்டியில் அமைந்த இது, கடையில் கிடைக்கும் சாதாரண ஒலிநாடாப் பேழையையே பயன்படுத்தியது.

செயற்படும் முறை

சாதாரண ஒலிநாடாவில் பக்கத்திற்கு இரண்டாக மொத்தம் நான்கு தடங்கள் உள்ளன. போர்ட்டாஸ்டூடியோ இந்நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்தியது. நாடாவின் வேகமும் நொடிக்கு 4.76 செ.மீ. என்பதிலிருந்து இரு மடங்காக உயர்த்தப்பட்டது. இதனால் உச்ச ஒலிகள் தெளிவடைந்தன. ஆனால் 60 நிமிடப் பேழை ஒன்றில் 15 நிமிடமே பதிய முடிந்தது. பேழையைத் திருப்பிப் போட்டால் பாடல் பின்னோக்கி ஒலிக்கும். சிலர் இதனையும் ஓர் உத்தியாகக் கையாண்டனர்.

தடங்கள் போதாதபோது, மூன்று தடங்களைக் கலந்து நான்காவதில் பதிந்துவிட்டு, அம்மூன்றையும் மீண்டும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறையும் நாடா இரைச்சல் கூடும் என்பதும், கலந்தவற்றைப் பின்னர் பிரிக்க இயலாது என்பதும் இதன் குறைகள்.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் நெப்ராஸ்கா (1982) இக்கருவியின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. தன் குழுவினர் கேட்பதற்கான மாதிரியாக, நியூ செர்சியில் தான் தங்கியிருந்த வீட்டில் இரண்டு ஷூர் எஸ்எம்57 ஒலிவாங்கிகளைக் கொண்டு அவர் இதனைப் பதிந்தார். பின்னர் குழுவுடன் கூடத்தில் செய்த பதிவுகள் நிறைவளிக்காததால், அந்த ஒலிநாடாவே இசைத்தொகுப்பாக வெளியானது. எனினும் இதைக் காட்டி நான்கு தடங்கள் எவருக்கும் போதும் என்பது பொருந்தாது. அங்கே பாடியவரும் வாசித்தவரும் ஒருவரே.

தெரிவு செய்தல்

இங்கு அடிக்கடி குழப்பிக் கொள்ளப்படுபவை இரண்டு: மொத்தத் தடங்களின் எண்ணிக்கையும், ஒரே நேரத்தில் பதியக்கூடிய உள்ளீடுகளின் எண்ணிக்கையும். கணினியில் தடங்களுக்கு நடைமுறையில் பஞ்சமில்லை. கணினியுடன் இணைக்கும் மலிவான ஒலி இடைமுகங்களிலோ பெரும்பாலும் இரண்டு உள்ளீடுகளே இருக்கும். பாடகரும் கிதார் கலைஞரும் ஒருவர்பின் ஒருவராகப் பதிவதற்கு இவை போதும்.

டிரம்ஸ் சேரும்போதுதான் செலவு ஏறுகிறது. பேஸ் டிரமுக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, மேலிருந்து இரண்டு என நான்கு ஒலிவாங்கிகள் வைப்பது வழக்கம். குழு முழுவதும் சேர்ந்து வாசித்துப் பதிய வேண்டுமெனில் எட்டு உள்ளீடுகளாவது தேவைப்படும். வசதி குறைந்த குழு, டிரம்ஸை மட்டும் வாடகைக் கூடமொன்றில் ஒரே நாளில் பதிந்துவிட்டு, ஏனையவற்றை இரண்டு உள்ளீடுகளைக் கொண்டு வீட்டில் பதிவது சிக்கனமானது. அதற்கு டிரம்ஸ் கலைஞர் தாளக் குறியொலியைக் காதில் கேட்டுக்கொண்டே வாசிக்கப் பழகியிருக்க வேண்டும். இல்லையேல் பிற கருவிகளைப் பின்னர் பொருத்துவது கடினம்.

மின்தேக்கி வகை ஒலிவாங்கி வாங்குவோர், இடைமுகத்தில் 48 வோல்ட் மின்வழங்கல் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். எதிரொலிக்கும் வெற்றறைகளில், அருகில் வைத்துப் பாடக்கூடிய இயங்குசுருள் வகையே பெரும்பாலும் நன்கு பயன்படும். மென்பொருளுக்குப் பணம் செலவிடத் தேவையில்லை: ஆடாசிட்டி இலவசமாகக் கிடைக்கிறது. 24 பிட், 48 கிலோஹெர்ட்சில் ஒரு தடம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட்டு இடம் கொள்ளும். ஆகவே எட்டுத் தடங்கள் கொண்ட நான்கு நிமிடப் பாடலுக்கு ஏறக்குறைய 276 மெகாபைட்டு ஆகும்.

பழைய ஒலிநாடாப் பதிவிகளை அவற்றின் ஒலித்தன்மைக்காக இன்றும் தேடி வாங்குவோர் உளர். தளர்ந்த இரப்பர்ப் பட்டையை மாற்றிவிடலாம். தேய்ந்த பதிவுத் தலைக்கு மாற்று கிடைப்பது அரிது என்பதால், வாங்குமுன் நான்கு தடங்களிலும் பதிந்து கேட்டுப் பார்க்க வேண்டும்.